பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லையா? முதலில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்

"எழுத்தெல்லாம் தெரியுது டீச்சர், சேர்த்துப் படிக்கத்தான் வரமாட்டேங்குது." ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ எடுக்கிற யாரைக் கேட்டாலும், பெற்றோர் வாயிலிருந்து இதைக் கேட்டிருப்பார்கள். நாமும் சளைத்தவர்கள் இல்லை, "சரளமா வாசிக்கல, வீட்ல கொஞ்சம் பாருங்க" என்று அதையே திருப்பிச் சொல்லி அனுப்பிவிடுவோம். வீட்டில் என்ன பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியாது, பாடத்தைப் பத்துத் தடவை எழுதச் சொல்வார்கள். பிள்ளையும் முத்து முத்தாக எழுதிக்கொண்டு வரும். திங்கட்கிழமை படிக்கச் சொன்னால் போன வாரம் நின்ற அதே சொல்லில் நிற்கும்.

எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று யாரும் பார்க்கவில்லை, அதுதான் காரணம். வாசிப்பு வரவில்லை என்பது வெளியே ஒரே குறையாகத் தெரிந்தாலும் உள்ளே ஐந்தாறு வேறு வேறு சிக்கல்கள் இருக்கின்றன, ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்குக் கேட்காது. எந்தச் சிக்கல் என்பதை, தப்பாகப் படிக்கிற அந்த நேரத்தில் பிள்ளையே காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கேட்டுப் பிரித்தறிவது எப்படி, அப்புறம் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ் வாசிப்பு, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதினாலும் பாதிக்கு மேல் வீட்டிலும் செய்யலாம்.

உட்கார்ந்து கேட்பது எப்படி

பாடப்புத்தகத்தை மூடி வையுங்கள். பாடத்தில் இருக்கிற பாட்டும் கதையும் பிள்ளைக்கு மனப்பாடம், புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வரி பிசகாமல் "படிக்கும்". அதனால் நீங்களே ஒரு தாளில் பெரிய எழுத்தில் பத்துச் சொல் எழுதுங்கள்: படம், மரம், பகல், பட்டம், மீன், வண்டி, கூடை, கொடி, தேங்காய், நெல்லிக்காய். கீழே மூன்று வரி: "கூடையில் மீன் இருந்தது. பூனை மெல்ல வந்தது. மீனை எடுத்துக்கொண்டு ஓடியது." சும்மா போட்ட வரிசை இல்லை இது. முதல் மூன்றில் குறில் உயிர்மெய்யும் கடைசியில் ஒரு புள்ளியும் மட்டும், அடுத்ததில் நடுவிலும் புள்ளி வருகிறது, அப்புறம் கொம்பும் காலும் சேர்கின்றன. எந்தப் படியில் சறுக்குகிறது என்று பார்க்கத்தான் இப்படி.

எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், தாள் இருவருக்கும் ஒரே பக்கமாகத் தெரிய வேண்டும். மற்ற பிள்ளைகள் காதில் விழாத இடமாகப் பாருங்கள். வகுப்பு முன்னால் நிற்கவைத்துப் படிக்கச் சொன்னால் நீங்கள் அளப்பது வாசிப்பையா பயத்தையா என்று உங்களுக்கே தெரியாது. படிக்கும்போது திருத்தாதீர்கள். இது ரொம்பக் கஷ்டம், வாய் துறுதுறுக்கும், ஆனாலும் சும்மா இருங்கள். பிள்ளை என்ன சொன்னதோ அதை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். "கொடி"யை "கெரடி" என்று படித்தால் தப்பு என்று சிவப்பில் சுழிப்பதால் பயனில்லை, "கெரடி" என்றே எழுத வேண்டும். கடைசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மீன் எங்கே இருந்தது? பூனை ஏன் மெல்ல வந்தது? முதல் கேள்விக்குப் பதில் தாளிலேயே இருக்கிறது, இரண்டாவதுக்குப் பிள்ளை யோசிக்க வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். முப்பது பேர் வகுப்பில் தினம் ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் ஆறு வேலை நாளில் முடிந்துவிடும். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கிற ஈராசிரியர் பள்ளியில் இதற்கு ஏது நேரம் என்று கேட்பது நியாயம்தான், அங்கே மற்றவர்கள் படம் வரைகிற நேரத்தில்தான் இதைச் செய்ய முடியும், இரண்டு வாரம்கூட இழுக்கும். ஆனால் யாருக்கு என்ன தெரியாது என்று தெரியாமல் வருடம் முழுக்கக் கத்துவதைவிட இந்த இரண்டு வாரம் மலிவு.

தப்பு என்ன சொல்கிறது

சில பிள்ளைகள் அ முதல் ஔ வரை, க முதல் ன வரை ராகத்தோடு ஒப்பிக்கும், ஆனால் அட்டையில் நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டுக் கேட்டால் க-விலிருந்து மறுபடி ஆரம்பித்து எண்ணிக்கொண்டே அங்கே வந்து சேரும். இதற்கு எழுத்து தெரியாது, பாட்டுதான் தெரியும். அகரவரிசையிலேயே கற்றுக்கொடுத்தால் இப்படித்தான் ஆகும். வரிசையை விட்டுவிட்டு, எழுத எளிதான, ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கிற உருவங்களாக எடுங்கள்: ட, ப, ம. இந்த மூன்றையும் ஒரு புள்ளியையும் வைத்தே இரண்டாம் நாள் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொல் படித்துவிடலாம். க, ர, த சேர்த்தால் மரம், தடம், பக்கம், கதம்பம். ல, வ வந்ததும் கடல், பகல், வட்டம். ஒரு வாரத்தில் "நான் படிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்தால்தான் ஆறு வயதுப் பிள்ளை அடுத்த வாரமும் வந்து உட்காரும்.

247 எழுத்து என்று சொல்லிச் சொல்லியே நாம் பாதிப் பேரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். உண்மையில் பிள்ளை உருவமாகப் பழக வேண்டியது 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், பத்துக்குக் குறைவான குறிகள், ஆக ஏறக்குறைய நாற்பது. 216 உயிர்மெய்யும் இவை கூடிச் செய்கிற வேலை. உகர ஊகார வரிசை மட்டும் அடங்காது. பு, சு, வு ஒரு மாதிரி, து, நு, லு, று இன்னொரு மாதிரி, டு, மு, ரு, ளு வேறு மாதிரி, அதனால் இந்த வரிசைக்கு மட்டும் கூடுதலாக ஒரு மாதம் ஒதுக்குங்கள். அந்த ஒரு மாதத்தை எங்கிருந்து எடுப்பது? ஙா, ஙி, ஙீ, ஙு என்று பக்கம் பக்கமாக எழுத வைக்கிறோமே, அதிலிருந்து எடுங்கள். "ங்" தவிர அந்த வரிசையில் எதையும் பிள்ளை மூன்றாம் வகுப்பு முடிகிற வரை கதைப் புத்தகத்தில் பார்க்கப் போவதில்லை.

அடுத்தது "இட்" தொல்லை. மெய்யெழுத்தை நாம் இக், இங், இச் என்று சொல்லிக்கொடுக்கிறோம், வேறு வழியும் இல்லை, தனியாக உச்சரிக்க வராது. ஆனால் பிள்ளை சொல்லுக்குள்ளும் அதை அப்படியே கொண்டுவந்து "ப... இட்... ட... இம்" என்று படித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். நான்கு எழுத்தும் சரி, சொல் மட்டும் கிடைக்கவில்லை. பெற்றோர் சொல்கிற "எழுத்தெல்லாம் தெரியுது, சேர்க்க வரல" என்பது பெரும்பாலும் இந்தப் பிள்ளைதான். மேலும் மேலும் எழுத்துப் பயிற்சி கொடுப்பதால் இது சரியாகாது. புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முன்னால் இருக்கிற எழுத்தோடுதான் ஒட்டிக்கொள்ளும் என்று காட்டுங்கள். பட்டம் என்று எழுதி, "பட்" என்பதற்குக் கீழே ஒரு வளைவு, "டம்" என்பதற்குக் கீழே ஒரு வளைவு போடுங்கள். வண் - டி. தேங் - காய். நெல் - லிக் - காய். கை தட்டித் தட்டிச் சொன்னால் இன்னும் நல்லது: "பட்டம்" என்று வாயால் சொல்லி எத்தனை தட்டு என்று கேளுங்கள், எழுத்தே தெரியாத பிள்ளைகூட இரண்டு என்று சரியாகத் தட்டும். காதுக்குத் தெரிந்த அந்தத் துண்டைக் கண்ணுக்குக் காட்டினால் வேலை முடிந்தது. க் + அ = க என்கிற கணக்கு இலக்கணத்துக்கு அழகுதான், ஆனால் ஆறு வயதில் அது உதவுவதைவிடக் குழப்புவது அதிகம் என்பது என் கருத்து; மூன்றாம் வகுப்பில் சொன்னால் ஒரே நாளில் புரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது, கொம்பும் காலும். நாம் எழுதுகிற ெ எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலிப்பதோ எழுத்துக்குப் பின்னால். இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு இது பெரிய அநியாயம். போதாததற்கு துணைக்காலும் "ர"வும் அச்சில் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் "கொடி" என்பது "கெரடி" ஆகிறது, அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்ததை நேர்மையாகப் படித்திருக்கிறது. குறிலும் நெடிலும் மாறுவதும் இந்த வகைதான். பிள்ளையைக் கோபிக்கும் முன் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம், ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு என்கிற இந்தப் பிரிவே 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்றுதான் சொல்லிவருகிறோம், அதற்கு முன்னால் பெரியவர்களே தடுமாறித்தான் படித்திருப்பார்கள்.

இப்படிக் "கெரடி" என்று படித்த பிள்ளையிடம் பேசுவது எப்படி இருக்க வேண்டும் என்றால்:

"இங்க பாரு, முன்னாடி என்ன நிக்குது?"
"கொம்பு."
"பின்னாடி?"
"ர."
"ர-வா, காலா? பக்கத்து எழுத்தோட ஒட்டி நிக்குதா, தனியா நிக்குதா?"
"...ஒட்டி. கால்."
"சரி, கொம்பும் காலும் ரெண்டு பக்கமும் க-வைப் பிடிச்சுக்கிட்டா என்ன ஆகும்?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கெ... கொ?"
"இப்ப முழுசாப் படி."
"கொ...டி. கொடி! எங்க வீட்ல துணி காயப் போடுவாங்களே, அந்தக் கொடி!"

அந்தப் "பேச்சில்லை" என்கிற இடத்தைக் கவனியுங்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், அதற்குள் நாம் "கொ" என்று எடுத்துக்கொடுத்துவிட்டால் பிள்ளை கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை, டீச்சர் எப்படியும் சொல்லிவிடுவார் என்பதைத் தவிர.

நான்காவது வகை தப்பே இல்லை, நாம்தான் தப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். "பால்" என்று எழுதியிருப்பதைப் பிள்ளை "பாலு" என்று படிக்கும். "மீன்" மீனு ஆகும், "நாய்" நாயி ஆகும், "இலை" எல ஆகும், "உலகம்" ஒலகம் ஆகும். வீட்டில் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறார்கள்? எழுத்தைப் பார்த்து, சொல்லைக் கண்டுபிடித்து, தன் வாய்மொழியில் சொல்லியிருக்கிறது என்றால் வாசிப்பு நடந்துவிட்டது என்று பொருள். "தப்பு, பால்னு சொல்லு" என்று வெட்டினால், சரியாகப் படித்ததற்குத் திட்டு வாங்கிய குழப்பத்தில் அடுத்த சொல்லில் வாயைத் திறக்காது. "ஆமா, பாலு. புத்தகத்துல எழுதும்போது பால்னு எழுதுவாங்க" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள், அது போதும்.

பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தூரத்தை நாம் ரொம்பக் குறைத்து எடைபோடுகிறோம். "எடுத்துக்கிட்டு ஓடிச்சு" என்று பேசுகிற பிள்ளைக்கு "எடுத்துக்கொண்டு ஓடியது" என்பது ஏறக்குறைய வேற்று மொழி. காதில் ஒரு தடவைகூட விழாத சொல்லைக் கண் எப்படிப் பிடிக்கும்? இதற்கு ஒரே வழி, தினம் பத்து நிமிடம் நீங்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதை வாசித்துக் காட்டுவது. கதை சொல்வதும் நல்லதுதான், ஆனால் சொல்லும்போது பேச்சுத் தமிழில்தான் சொல்வோம், வாசிக்கும்போதுதான் புத்தகத் தமிழ் காதில் ஏறும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வாசிப்பு இயக்கத்துக்காகப் பள்ளிகளுக்கு வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் பீரோவில் இருந்தால் வெளியே எடுங்கள், கிழிந்தால் கிழியட்டும்.

வீட்டில் தமிழே பேசாத பிள்ளைகள் கதை தனி. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடியா, இந்திக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று பல அரசுப் பள்ளிகளில் இருக்கிறார்கள். தமிழில் "க" ஒரே எழுத்துதான், ஆனால் கடல், பகல், தங்கம் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தோராயமாகக் கூட்டிப் படித்ததும் தெரிந்த சொல் நினைவுக்கு வந்து நாக்கு தானாகத் திருத்திக்கொள்கிறது. அந்தச் சொல்லே தெரியாத பிள்ளைக்கு எதை வைத்துத் திருத்துவது? அதனால் இவர்களுக்கு எழுத்துக்கு முன்னால் பேச்சு. மூன்று நான்கு மாதம் விளையாட்டு, பாட்டு, பொருளைக் காட்டிப் பெயர் சொல்வது, மதிய உணவு வரிசையில் அரட்டை. பக்கத்தில் வாயாடிப் பிள்ளையாகப் பார்த்து உட்கார வையுங்கள், நம்மைவிட அது வேகமாகக் கற்றுக்கொடுக்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும் சரியாகப் படித்துவிட்டு, பூனை ஏன் மெல்ல வந்தது என்றால் விழிக்கிற பிள்ளை. இது பெரும்பாலும் வேகப் பிரச்சினை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டு வரிக் கடைசிக்கு வரும்போது வரியின் ஆரம்பம் மறந்துபோயிருக்கும், நினைவில் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான், அந்த இடம் முழுவதையும் எழுத்துக் கூட்டுவதே பிடித்துக்கொள்கிறது. தமிழில் சொற்களும் நீளம். "எடுத்துக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரே சொல்லில் பதினான்கு எழுத்து. எடுத்துக் / கொண்டிருந் / தார்கள் என்று வெட்டிக் கொடுங்கள், அப்புறம் அதே நாலு வரியை மூன்று நாள் திரும்பப் படிக்க வையுங்கள். முதல் நாள் எழுத்தோடு மல்லுக்கட்டும், மூன்றாம் நாள் பூனை கண்ணில் தெரியும். 2021இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் என்கிற அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்தில் இரண்டாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்புக்குக் குறைந்தது 60 சொல் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணைக் கடிகாரத்தோடு பிள்ளை தலையில் வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக எழுதுவதை நாம் ஒரே சொல்லாக எழுதுகிற மொழியில் சொல்லை எண்ணி வேகம் பார்ப்பதே எனக்கு ஒப்பவில்லை.

எவ்வளவு உதவுவது

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1934இல் 37 வயதிலேயே இறந்துபோனார், அவர் விட்டுப்போன ஒரு கருத்து இன்றும் வகுப்பறையில் உதவுகிறது. பிள்ளை தனியாகச் செய்வதற்கும், தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் செய்வதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, கற்பது அந்த இடத்தில்தான் நடக்கிறது என்றார். தனியாகவே படிக்கிற சொல்லில் நீங்கள் உதவினால் வீண், எவ்வளவு உதவினாலும் முடியாததைக் கொடுத்தாலும் வீண். சைக்கிள் பழக்கும்போது சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி, அதற்குத் தெரியாமல் கையை எடுப்போமே, அந்த மாதிரி.

நடைமுறையில் இது எப்படி? சொல்லில் நின்றால் முதலில் சும்மா இருங்கள். வரவில்லையா, "மறுபடி முதல்லேர்ந்து பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால் சொல்லின் பின்பாதியை விரலால் மறைத்து முன்பாதியை மட்டும் காட்டுங்கள். அடுத்து முதல் அசையை நீங்கள் எடுத்துக்கொடுங்கள், அப்புறம் சேர்ந்து படியுங்கள், அதுவும் ஆகவில்லை என்றால் சொல்லையே சொல்லிவிட்டு மேலே போங்கள், ஒரு சொல்லுக்காகக் கால் மணி நேரம் போராட வைத்தால் கதை செத்துப்போகும். ஒரு பக்கத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் இப்படி நிற்கிறது என்றால் குறை பிள்ளையிடம் இல்லை, புத்தகம் கனம். மாற்றுங்கள்.

பாராட்டும்போது "கெட்டிக்காரி" என்பதைவிட "கெரடின்னு படிச்சிட்டு நீயே திரும்பிப் பாத்துத் திருத்தினியே" என்று சொல்லிப் பாருங்கள். தானே திருத்துவதுதான் நாம் எதிர்பார்ப்பது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

குழு பிரிப்பது, குழு கலைப்பது

கேட்டு எழுதிய நோட்டை வைத்துப் பிரித்தால் உங்கள் வகுப்பில் மூன்று நான்கு கூட்டம் தானாக உருவாகும். கொரோனாவுக்கு அப்புறம் 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இதைத்தான் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. வகுப்பு எதுவானாலும் பிள்ளை நிற்கிற படியிலிருந்து கொண்டுபோவது என்கிற யோசனை அதற்கு முன்பே செயல்வழிக் கற்றல் அட்டைகளில் இருந்ததுதான், அந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு ஏணிப்படி ஞாபகம் இருக்கும். யோசனை நல்லது. பிரித்ததோடு விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஜூனில் அரும்பு என்று உட்கார்ந்த பிள்ளை ஏப்ரலிலும் அதே பாயில் உட்கார்ந்திருந்தால், "நான் அரும்பு மிஸ்" என்று தன் பெயரைப் போல அதைச் சொல்ல ஆரம்பித்துவிடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், இடம் மாற்றுங்கள். கதை கேட்கும்போதும் நாடகம் போடும்போதும் எல்லாரும் ஒன்றாகவே இருக்கட்டும், கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைதான் பல நேரம் அடுத்து என்ன நடக்கும் என்று சரியாகச் சொல்லும்.

எழுதுவது

ஐந்து வயதுக் கைக்குப் பென்சில் பிடிப்பதே உடற்பயிற்சி. கோடு போட்ட நோட்டுக்குள் எழுத்தை அடக்கச் சொல்வதற்கு முன்னால் களிமண், மணல், சுவரில் தண்ணீரால் பெரிதாக எழுதுவது, புளியங்கொட்டை அடுக்குவது என்று விரலுக்கு வேலை கொடுங்கள். எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திருப்பிப் போடுவது ஆறு ஏழு வயது வரை சாதாரணம், பதறத் தேவையில்லை. "எல" என்று எழுதினால் முதலில் மகிழ்ச்சியடையுங்கள், காதில் கேட்டதை எழுத்தாக மாற்றத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு சொல்லை மட்டும் எடுத்துப் பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டினால் போதும். ர-ற, ன-ண, ல-ள-ழ எல்லாம் படித்துப் படித்துத்தான் கண்ணில் தங்கும், பெரியவர்களுக்கே இன்னும் தங்கவில்லை. இன்னொன்று, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளிக்கூடம் போன தாத்தா பாட்டி சிலர் லை, னை, றா போன்றவற்றைப் பழைய வடிவத்தில் எழுதிக் காட்டுவார்கள். அவர்கள் முன்னால் அதைத் தப்பு என்று அடித்துவிடாதீர்கள், தாத்தா காலத்து எழுத்து என்று பிள்ளைக்குச் சொன்னால் அதற்கு அது ஒரு ரகசிய எழுத்து மாதிரி பிடித்துப்போகும்.

கண், காது, வயிறு

எதைச் செய்தும் நகரவில்லை என்றால் வாசிப்பை விட்டுவிட்டு முதலில் உடம்பைப் பாருங்கள். பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்தே எழுதுகிறதா, புத்தகத்தை மூக்கருகில் வைக்கிறதா? பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா? பள்ளிக்கு மருத்துவப் பரிசோதனைக் குழு வருகிற நாளில் இந்தப் பிள்ளைகளைப் பெயர் எழுதி வைத்து முன்னால் அனுப்புங்கள், கூட்டத்தோடு கூட்டமாக விட்டால் தப்பிவிடும். காலையில் என்ன சாப்பிட்டது என்றும் கேளுங்கள். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியதிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இந்தக் கவலை குறைந்திருக்கிறது, தாமதமாக வந்து அதைத் தவறவிடுகிற பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்து, பேச்சும் கணக்கும் வயதுக்கேற்ப இருந்து, நீங்கள் பல மாதம் பக்கத்தில் உட்கார்ந்தும் எட்டு வயதில் மூன்றெழுத்துச் சொல் கூடவில்லை, நேற்றுப் படித்த எழுத்து இன்று புதிதாகத் தெரிகிறது என்றால் அது டிஸ்லெக்சியா மாதிரியான கற்றல் குறைபாடாக இருக்கலாம். நீங்களே பெயர் சூட்டிவிடாதீர்கள், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் அந்த நோட்டோடு போங்கள். என்ன படித்தது, எப்படிப் படித்தது என்று மாத வாரியாக இருக்கிற குறிப்பு அவருக்குப் பெரிய உதவி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது, அதனால் பிற்பாடு தேர்வுச் சலுகைகளுக்கும் இதற்கான சான்று உதவும். சோம்பேறி என்று முத்திரை குத்தி அடிக்கிற வழக்கம் இன்னும் முழுசாக ஒழியவில்லை, கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்புவது

"கொஞ்சம் பாருங்க" வேண்டாம். ஒரே ஒரு வேலை சொல்லுங்கள், செய்யக்கூடியதாக. படிக்கத் தெரிந்த அம்மா அப்பா என்றால், ராத்திரி பத்து நிமிடம் ஒரு கதை வாசித்துக் காட்டட்டும், விரலை வரிக்குக் கீழே ஓட்டியபடி. படிக்கத் தெரியாதவர்கள் என்றால், பிள்ளை கொண்டுவருகிற புத்தகத்தைப் பார்த்து "இதுல என்ன நடக்குது, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும், கேட்பதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. அண்ணன் அக்கா இருந்தால் அவர்களிடம் ஒப்படைக்கலாம், திட்டக் கூடாது என்கிற ஒரே நிபந்தனையோடு. பஸ் போர்டு, கடைப் பலகை, பருப்பு பாக்கெட், கல்யாணப் பத்திரிகை என்று தெருவில் இருப்பதையெல்லாம் படிக்கச் சொல்லலாம்.

டியூஷன் போடலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். இருபது பேரை உட்கார வைத்து வீட்டுப்பாடம் எழுதவைக்கிற இடமாக இருந்தால் போடாதீர்கள் என்றே சொல்லுங்கள், பள்ளியில் கிடைக்காத அந்தத் தனி மூன்று நிமிடம் அங்கேயும் கிடைக்காது. கோடை விடுமுறைக்கு முன்னால் மட்டும் ஒரு வேலை இருக்கிறது: இரண்டு மாதம் புத்தகம் தொடாத பிள்ளை ஜூனில் ஒரு படி இறங்கித்தான் வரும், எனவே ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தடுமாறாமல் படிக்கக்கூடிய கதை இரண்டு மூன்றை வகுப்பு நூலகத்திலிருந்து எடுத்து, நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். பாதி திரும்பி வராது. அதற்கும் சேர்த்தே புத்தகம் வாங்குங்கள்.